பாயை எடுக்கச் சொன்னவர்

விடிவதற்கு முன்பே வந்துவிட்டார்கள்.

வாசல் மணலில் ஐந்து பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் போர்த்தியபடி, நுண்ணிய ஓலை இழைகளால் நெய்த ஒரு பழைய பாய். பக்கத்தில் அடுப்புக் கற்களும் விறகும். எங்களை இதில் போட்டுச் சுட்டாலும் சரி என்று பொருள்.

நடுவில் இருப்பவன் பேருந்து ஓட்டும் ஃபெரெத்தி. வியாழக்கிழமை பாலத்து வளைவில் பிரேக் பிடிக்காமல், போதகரான என் கணவரை மோதிக் கொன்றவன்.

எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போய்ப் பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால், தூணோரம் நிற்கும் கொழுந்தன் மகன் சிமியின் கையில் கொடுவாள் இருக்கிறது.

வீட்டார் முடிவை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

"கல்லு, விறகு எல்லாம் அவனே கொண்டாந்துட்டான் பெரியம்மா. தீ மட்டும் நாம போட்டாப் போதும்," என்கிறான் சிமி.

யாரும் சிரிக்கவில்லை.

நான்கு நாளாகத் தூங்காத உடம்பு. கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. யாராவது என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் போதும் என்றிருக்கிறது.

வெயில் பாயின் ஓரத்தைத் தொடுகிறது.

நாத்தனார் லுப்பே என் தோளில் கை வைக்கிறாள். "அண்ணி, பாயை வெயில்ல காக்க வைக்கக் கூடாதுன்னு அண்ணன் எத்தனை தடவ சொல்லியிருப்பாரு. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. உபோலு தீவின் இந்தக் கரையில் யாருமே மறக்கவில்லை.

பதினெட்டு வருடங்களுக்கு முன் இதே மணல். எங்கள் மகன் தானியைக் கிரிக்கெட் ஆட்டத்துச் சண்டையில் கல்லால் அடித்துக் கொன்றவன் பாய்க்கு அடியில் கிடந்தான். போதகர் காய்ச்சலில் எழ முடியாமல் மனைவியை அனுப்பிப் பாயை எடுக்கச் சொன்னார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட இதை ஒப்பிப்பார்கள்.

பெற்ற மகனைக் கொன்றவனையே மன்னித்தார் என்று எத்தனையோ வீடுகளில் பாயை எடுத்தார்கள். எத்தனையோ கொடுவாள்கள் கூரைக்கே திரும்பிப் போயின.

அந்த வார ஆராதனையில் சபையார் அழுதபடி அவர் கையைப் பற்றியபோது, அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அதன்பின் வாழ்நாள் முழுக்க அதையே போதித்தார். அப்படியே வாழவும் செய்தார்.

ஃபெரெத்தியின் பாதங்கள் பாய்க்கு வெளியே நீண்டிருக்கின்றன. ஒன்றில் கட்டுப் போட்டிருக்கிறது. எறும்பு ஏறுகிறது. அவன் அசையவில்லை.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன்.

சிமி வழிவிடத் தயங்கி, பிறகு விடுகிறான்.

பாய் பனியில் நனைந்து கனக்கிறது. நான் அதை இழுத்ததும் ஃபெரெத்தி தலை குனிந்து பிடரியைக் காட்டுகிறான், அடி விழப்போகிறது என்பதுபோல.

"உள்ள வாங்கப்பா. அவர்தான் என்னை அனுப்பினாரு."

பின்னால் லுப்பே உடைந்து அழுவது கேட்கிறது.

அன்றைக்கும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் இல்லை. உள்ளறையில் கொடுவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்தப் பாயைத் தொட்டேன்னா, திரும்ப இந்த வீட்டுக்குள்ள வராத," என்று மட்டும்தான் சொன்னார்.