உடைச்சது யாரு?

விளக்குப் பலகையில் படத்தை மாட்டிவிட்டால் போதும், நுரையீரல் டாக்டரம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம்கூட மறந்துபோகும். நெஞ்சு எக்ஸ்ரே என்றால் அவருக்கு அப்படி ஒரு கிறுக்கு.

"இந்தப் பக்கம் கீழ் மூலை கூரா இருக்கா? அந்தப் பக்கம் பாருங்க, மழுங்கி வெள்ளையா ஏறி நிக்குது. நுரையீரலைச் சுத்தி தண்ணி கோத்திருக்கு. அதான் உங்களுக்கு மூச்சு வாங்குது."

எதிரே உட்கார்ந்திருந்த மனைவி வாயைத் திறப்பதற்குள், கூட வந்த கணவர் முந்திக்கொண்டார்.

"ஊசி போட்டு எடுப்பீங்களா? அவளுக்கு வலிக்குமா?"

வந்ததிலிருந்து இதே கூத்துதான். கேள்வி அவளுக்கு, பதில் இவருடையது. டாக்டரம்மாவுக்கு எரிச்சலாக வந்தது.

மறுபடி படத்துக்குத் திரும்பினார். விலா எலும்பில் அதென்ன முடிச்சு முடிச்சாக? ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக! எப்போதோ உடைந்து கூடிய எலும்புகள்.

அவள் நெஞ்சில் விரலை வைத்து லேசாக அழுத்தினார்.

"ஐயோ, அமுக்காதீங்க!"

அலறியது கணவர். முகம் வெளுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓகோ, சங்கதி அப்படியா!

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"அவளைத் தனியா விட்டுட்டா?"

"வெளியன்னா வெளிய!"

கதவைச் சாத்திவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன். இந்த எலும்பையெல்லாம் உடைச்சது யாரு?"

"அவர்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்கிற விஷயமா இது? இப்பவே போலீசைக் கூப்பிடறேன்."

போனை எடுத்த கையை அவள் பதறிப் பிடித்தாள்.

"போன வருஷம் அயர்ன் பாக்ஸ்ல ஷாக் அடிச்சு விழுந்துட்டேன் மேடம். நெஞ்சே நின்னுபோச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவர்தான் அமுக்கி அமுக்கி என் உயிரைப் பிடிச்சு வச்சாரு. எலும்பு முறியற சத்தம் கேட்டும் கையை எடுக்கலையாம்."

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். எல்லாம் முன்பக்கம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. நெஞ்சை அமுக்கிப் பிழைக்க வைத்தவர்களிடம் எத்தனையோ தடவை பார்த்த அடையாளம்தான். கணவரின் மூஞ்சியைப் படிக்கப் போய், படத்தைப் படிக்காமல் கோட்டை விட்டிருந்தார். வெட்கமாகப் போய்விட்டது.

"அப்புறம் ஏம்மா நான் தொட்டதும் அந்த அலறல்?"

"அன்னையிலருந்து எங்க வீட்டுல யாரும் விரல்ல நெட்டிகூட முறிக்கக் கூடாது மேடம். அந்தச் சத்தம் கேட்டா, இன்னைக்கும் அழுதுடுவாரு."