அறுபதுக்கு மேல்

இருதயராஜ் செகண்ட்ஹேண்டில் வாங்கிய பைக், அறுபதைத் தாண்டினால் இருமி இருமி இழுத்தது. முன்னால் வைத்திருந்தவர்கள் வேகத்துக்காக சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தார்கள். பெட்ரோல் போதவில்லை என்று மெக்கானிக் நசீர் கார்புரேட்டரைக் கழற்றினான். பெட்ரோல் இறங்கும் பித்தளை ஜெட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

“இது அடைப்பு இல்லண்ணே. யாரோ ஈயம் வச்சு ஓட்டையைச் சின்னதாக்கியிருக்காங்க. நிதானமாச் செஞ்ச வேலை.”

வேறு ஜெட்டைப் போட்டு, ஓட்டிப் பார்க்க பைபாஸுக்குக் கிளம்பினான். இருதயராஜ் வண்டியை விற்ற பெண்மணிக்கு போன் செய்து விவரத்தைச் சொன்னார்.

“அதை எடுத்துட்டீங்களா?” என்றாள் அவள். பிறகு மெதுவாக, “இந்த வண்டியில வேகமாப் போய்த்தான் முதல்ல எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாரு. அடுத்த வருஷம் கொழுந்தன். அதுக்கப்புறம் நான்தான் சார் அடைக்கச் சொன்னேன். இப்ப வண்டி யார்கிட்ட இருக்கு?”

இருதயராஜ் போனைத் துண்டித்துவிட்டு நசீரை அழைத்தார். பட்டறை மேஜையில், ஸ்பேனர்களுக்கு நடுவே அவன் போன் அதிர்ந்தது. அவர் ரோட்டுக்கு ஓடினார். பைபாஸ் பக்கம் வண்டிச் சத்தம் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஏறிக்கொண்டே போனது.