குப்பைக் குழிக்குப் பத்து மதிப்பெண்

சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவன் மண்டியிட்டுத் தொட்டிகளைப் புதைத்துக்கொண்டிருந்தான். நேற்று மாலை நர்சரியிலிருந்து வேன் நிறைய வந்தவை. பெட்டூனியா, சால்வியா, பெகோனியா. எல்லாம் பூத்தபடியே வந்தவை. விளிம்பு தெரியாமல் மேலே மண். மண்ணுக்கு மேலே கொஞ்சம் பாசி.

இதற்குப் பெயர் தோட்டமாம்.

போன வருடம் ஓய்வு பெற்ற பிறகுதான் வீட்டைச் சுற்றிச் செடி இருப்பதே அவன் கண்ணில் பட்டது. பட்டதும் தோட்டப் போட்டியில் கோப்பை வேண்டும். கிடைக்காவிட்டால் கிளப்பில் தலைகாட்ட முடியாதாம்.

காட்டாமல் போகட்டும்.

ஜனவரியில் ஊட்டியில் உறைபனி கொட்டியது. அவளுடைய ஊதா ஆஸ்டர் வழக்கம்போல் கருகித் தரையோடு படுத்தது. பதினோரு வருடச் செடி. பனிக்குப் படுக்கும், மார்ச்சில் துளிர்க்கும், செப்டம்பரில் பூக்கும். வேரைப் பிரித்துப் பிரித்து அவள்தான் பெருக்கியிருந்தாள். பதினோரு வருடமும் அவன் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போனான்.

அத்தனையையும் ஒரே காலையில் பிடுங்கினான்.

உயிர் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள்.

“செத்ததக் கட்டிக்கிட்டு அழாத.”

பின்பக்கக் குப்பைக் குழியில் எறிந்துவிட்டுக் கை கழுவினான்.

அன்று அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வாரம் கோபம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. கோபப்படுவதற்குக்கூட எதிரே ஒரு ஆள் வேண்டும்.

பத்து மணிக்கு நடுவர் வந்தார். நரைத்த தலை, ரப்பர் பூட்ஸ் போட்ட அம்மாள். பூட்ஸ் நுனியால் மண்ணை லேசாகத் தள்ளினார். தொட்டியின் விளிம்பு எட்டிப் பார்த்தது.

அவன் இளித்தான்.

“குப்பைக் குழி எங்க சார்? உரம் அங்கதான தயாராகுது? அதுக்குப் பத்து மார்க்.”

போட்டி விண்ணப்பத்தில் அச்சிட்டே இருந்தது. அவன் படிக்கவில்லை. அவள் படித்திருந்தாள்.

பின்பக்கம் போனார்கள். அவளும் போனாள்.

குழி தெரியவில்லை.

ஊதா. மார்பளவுக்கு ஊதா. மேலெல்லாம் தேனீ.

மார்ச்சில் குழிக்குள் துளிர் பார்த்த நாளிலிருந்து அவள் குப்பையை வேறு மூலையில் கொட்டினாள். அரிசி கழுவிய தண்ணீரை இங்கே ஊற்றினாள். அவன் ஒருநாளும் இந்தப் பக்கம் வந்ததில்லை. குப்பை கொட்டுவது ஆபீசர் வேலையா என்ன?

நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“யார் சார் நட்டது?”

“நான்தான்.” கூசாமல் சொன்னான்.

“போன பனியில எப்படிக் காப்பாத்துனீங்க?”

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவளிடம் ஒன்றைக் கேட்கும் பார்வை.

அவள் ஈரக்கையை முந்தானையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க. ஜனவரியில எப்படி நட்டீங்கன்னு.”