வாசல் கேட்ட காரணம்

தோல் பதனிடும் ஆலையின் வாசல் இயந்திரத்தில் சலோமி விரலை வைத்தாள். ஊசி சுருக்கென்று குத்தியது.

"கல்லீரல் நொதி மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. காரணம் குடியா, வேலையா?" என்று அது கேட்டது.

போன மாதம் இதே கேள்விக்கு அவள் புருஷன் தானியேல், "சாராயத்த தொட்டதே இல்ல. எல்லாம் இந்த ரசாயனப் புகைதான்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தான். அவன் உடல்நலத்தைக் கருதி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். நொதி இறங்கியும் இன்னும் கூப்பிடவில்லை. குடி என்று சொன்னவர்களெல்லாம் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

சலோமிக்குப் பின்னால் அவள் தெருவில் குடியிருக்கும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். இவர்களைத் திரட்டிக்கொண்டு போய்த்தான் அவள் தெருமுனைச் சாராயக்கடையை மூட வைத்திருந்தாள்.

"குடிதான்" என்று முணுமுணுத்தாள்.

"சரியாகக் கேட்கவில்லை. உரக்கச் சொல்லுங்கள்."

"குடிக்கிறேன்! நான் குடிக்கிறேன், போதுமா?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்து நின்றவள் அதே பதிலை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடியை விட்டுவிடுங்கள் அம்மா. பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்" என்று கனிவாகச் சொல்லிவிட்டு, இயந்திரம் கதவைத் திறந்தது.