கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

அறுவை சிகிச்சைக்கு முன் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தை ரத்தத்தில் சிதைக்கிற நொதியைப் பற்றியது செண்பகவல்லியின் முதல் ஆய்வுக் கட்டுரை. ஆரோக்கியமான முப்பது பேரின் ரத்தம் தேவைப்பட்டது. ஒருவர் குறைந்ததால், டிபன் கேரியரோடு வந்த கணவன் தங்கப்பாண்டியை உட்காரவைத்து ரத்தம் எடுத்தாள். நொதியின் அளவைக் காட்டும் வரைபடத்தில் இருபத்தொன்பது புள்ளிகள் சராசரிக் கோட்டை ஒட்டி நின்றன; அவனுடையது மட்டும் வெகு கீழே கிடந்தது.

"என் ரத்தம் தேறலையா வல்லி?"

ஆய்விதழில் அந்தப் புள்ளியை நீக்கச் சொன்னார்கள். மூன்று முறை சோதித்துவிட்டேன், அது பிழை அல்ல, ஓர் ஆள் என்று பதில் எழுதினாள்.

இருபத்தாறு வருடம் கழித்து, குடல்வால் வெடித்து அவன் ஸ்ட்ரெச்சரில் கிடந்தான். அந்த மருந்து கொடுத்தால் இவருக்கு மூச்சு திரும்ப மணிக்கணக்காகும் என்றாள் செண்பகவல்லி.

"ரிப்போர்ட் ஏதாவது இருக்கா மேடம்?" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

இல்லை. கைபேசியில் அந்தக் கட்டுரையைத் திறந்து நீட்டினாள். அதில் யாருடைய பெயரும் இல்லை.

"இதுல இவர் எங்க?"

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்து வேறு மருந்து கேட்டார். வலியோடு கழுத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தான் தங்கப்பாண்டி.

"இன்னும் அங்கயேதான் வெச்சிருக்கியா என்னை?"