மூன்று தலைமுறைச் சான்று

பாலகுமாரின் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தலாம் என்றார் டாக்டர். அதற்கு அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு மாதம்தான் தாங்குவான்.

குன்னூருக்கு வந்திருந்த குழு அதிகாரி கோப்பைப் புரட்டினார். எதிரே பாலகுமாரும் மனைவி கோகிலவாணியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பிறப்புச் சான்று இருக்கு. அம்மா, பாட்டி, பூட்டின்னு மூணு தலைமுறை விவரமும் சுத்தமா இருக்கு."

கோகிலவாணி கணவனின் கையை அழுத்தினாள். தாலுகா ஆபீஸில் இருபது வருடம் அலைந்தும் கிடைக்காத காகிதங்கள்!

"ஒரு தடுப்பூசியும் விடலை. வெளியே காலே வச்சதில்லை."

"டீக்கடைக்குப் போவேனுங்க," என்றான் பாலகுமார். கோகிலவாணி அவனைக் கிள்ளினாள்.

"ஏசி ரூம். வடிகட்டின தண்ணி. தினமும் டாக்டர் வந்து பாத்திருக்கார்."

"சார், நாங்க எஸ்டேட் லயத்து வீட்டுல இருக்கோமுங்க. ஏசிக்கு எங்க போறது?"

அதிகாரி நிமிர்ந்தார். "இது பன்னியோட ஃபைல்மா. அதுல ஒரு குறையும் இல்லை. உங்க வீட்டுக்காரர் ஃபைல்தான் இடிக்குது. பன்னி உறுப்பு வச்சவரை ஆயுசு முழுக்கக் கண்காணிக்கணும்னு விதி. அதுக்கு முதல்ல ஆள் யாருன்னு தெரியணும். உங்க தாத்தா சிலோன்லேருந்து திரும்பினப்ப கொண்டு வந்த குடியுரிமை அட்டை எங்கேப்பா?"

"கரையான் தின்னுடுச்சுங்க."

"அப்ப அனுமதி தர முடியாது."

பாலகுமார் பன்றியின் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கிட்னிய வச்சுடுங்க சார். என் உடம்புல ஒரு பாகத்துக்காச்சும் பேப்பர் இருக்கட்டும்."