தோளருகே ஒரு கை

என் மனைவி கௌசல்யா இறந்து ஏழு மாதமாகிறது. அவள் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் எக்ஸ்ரே படங்களைச் சேமிக்கும் கணினிகள் என் பொறுப்பு. செவ்வாய்தோறும் காலை பதினொன்று பத்துக்கு அவளுடைய நோயாளி எண்ணில் புதிதாக ஒரு நெஞ்சுப் படம் வருகிறது. எந்த இயந்திரம் எடுத்தது என்று காட்டும் இடம் மட்டும் காலியாக இருக்கும்.

கடைசியாகப் படம் எடுத்தபோது அவளால் தனியாக நிற்க முடியவில்லை. நோயாளிக்குத் துணையிருக்கும் பைஸ்டாண்டராக நான்தான் தோளைப் பிடித்துக்கொண்டேன். இப்போது வரும் படங்களிலெல்லாம் அந்தத் தோளில் என் வலது கையின் விரல் எலும்புகள் தெரிகின்றன, மோதிரத்தோடு.

கழக்கூட்டத்தில் வேறு வேலை கிடைத்தது. இன்று செவ்வாய், இங்கே எனக்குக் கடைசி நாள். ஆபீசிலிருந்து ஆதிரா நான் கையெழுத்திட வேண்டிய விடுவிப்புப் படிவத்தைக் கொண்டுவந்தாள்.

"ஒரு ஒப்பு போட்டா போதும், அண்ணா. பின்னே எங்களையெல்லாம் எங்க ஓர்மை இருக்கப் போகுது?"

"மணி என்ன?"

"பதினொண்ணு பத்து. ஓடிப்போக அவ்வளவு அவசரமா?"

திரையில் படம் வந்தது. என் விரல்கள் அதே இடத்தில் இருந்தன. அவற்றின் மேல் வேறொரு கையின் மெல்லிய எலும்புகள் இறுகப் பற்றியிருந்தன.

"இந்தாங்க பேனா."

மேஜைமேல் இருந்த வலது கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.